பூனைக்கு இன்சுலின்: செலவு எவ்வளவு?

பூனைக்குச் சர்க்கரை நோய் வருமா? வரும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் பூனைகளுக்கு, அதிலும் ஆண் பூனைகளுக்கு, இந்நோய் மிகுதியாக வருகிறது. தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும். நன்றாகத் தின்றும் உடல் இளைத்துக்கொண்டே வரும். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கத் தொடங்கும். கால்நடை மருத்துவர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, “நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடவேண்டும்” என்பார்.

வீட்டில் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. “மனிதருக்கு மருந்து வாங்கவே பணம் போதவில்லை, பூனைக்கு ஆயுள் முழுவதும் ஊசியா?” பல வீடுகளில் பூனையின் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. புட்டியின் மேல் அச்சிட்ட விலையைக் கண்டு அஞ்சுகிறார்களே தவிர, கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நாம் போட்டுப் பார்ப்போமா? பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

இன்சுலினை ‘அலகு’க் கணக்கில் அளக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் ‘யூனிட்’ என்பார். நம் நாட்டில் இது பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் 1 மி.லி.க்கு 40 அலகு; மற்றொன்றில் 1 மி.லி.க்கு 100 அலகு. இப்போது பூனையைப் பாருங்கள். அதன் எடை 4 கிலோ. புதிதாக நோய் கண்ட பூனைக்கு மருத்துவர் பெரும்பாலும் வேளைக்கு 1 அலகு என்றுதான் தொடங்குவார். 100 அலகுச் செறிவுள்ள மருந்தில் 1 அலகு என்பது 0.01 மி.லி. சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு நீர் ஏறக்குறைய 0.05 மி.லி. இருக்கும். ஆக, பூனைக்கு வேண்டியது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு!

இனிக் கடைக்குப் போவோம். 10 மி.லி. புட்டியில் 1000 அலகு, 3 மி.லி. சிறு குழலில் 300 அலகு. கணக்கிற்காக, புட்டி 1500 ரூபாய், குழல் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இவை என் எண்கள், உங்கள் ஊர்க் கடையின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.) புட்டியில் ஓர் அலகு 1 ரூபாய் 50 காசு, குழலில் 2 ரூபாய். புட்டிதான் மலிவு என்று தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். திறந்த இன்சுலினை 28 நாட்களில் தீர்த்துவிட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் உறையில் அச்சிடுகிறார்கள். நாளைக்கு 2 அலகு வீதம் 28 நாட்களில் நம் பூனைக்குச் செல்வது 56 அலகுதான். புட்டியில் மீதி 944 அலகு வீண். நாட்செலவு புட்டிக்கு ஏறத்தாழ 54 ரூபாய். குழலுக்கு 21 ரூபாய். அலகு விலை குறைந்த மருந்து, நாள் விலையில் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. மனிதருக்கு ஏற்ற கணக்கு பூனைக்கு ஏற்காததன் காரணம் இதுவே.

இன்னும் ஒரு படி உண்டு. 28 நாள் என்பது மருந்தை வெளியே, அறை வெப்பத்தில் வைத்துப் பயன்படுத்தும் மனிதர்களையும் மனத்தில் கொண்டு விதித்த எல்லை. கிளார்ஜின் என்னும் இன்சுலினை எப்போதும் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்து, தெளிவாக இருக்கும்வரை சில மாதங்கள் பயன்படுத்தலாம் என்று பூனைகளுக்கு மருத்துவம் செய்யும் பலர் இசைவு தருகிறார்கள். உங்கள் மருத்துவரும் இசைந்து, ஒரு குழல் 100 நாட்கள் வந்தால் நாட்செலவு 6 ரூபாய்! ஆனால் மருந்து கலங்கினாலோ, துகள் மிதந்தாலோ, காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலோ தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றிலும் மலிவான, பால்போல் கலங்கலான என்.பி.எச். இன்சுலினை வாங்கினால் என்ன? பூனையின் உடலில் அதன் வேலை பெரும்பாலும் 12 மணி நேரம் நீடிப்பதில்லை. அடுத்த ஊசிக்கு முன்பே சர்க்கரை மேலே ஏறிவிடும். கிளார்ஜின் அப்படியன்று. குழலுக்குள் அது அமிலக் கரைசல், அதன் பி.எச். மதிப்பு 4. தோலுக்கு அடியில் சென்றதும் 7.4 என்ற சூழலைச் சந்திக்கிறது. உடனே நுண்ணிய வீழ்படிவாகி, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் நீங்கள் செய்யும் வீழ்படிவுச் சோதனைதான் பூனையின் தோலுக்கடியில் நடக்கிறது! இதை நீர் சேர்த்து நீட்டிக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கூடாது. நீர் சேர்த்தால் பி.எச். மாறும், மருந்து கெடும்.

மனிதர்களுக்கென்று விற்கும் இந்த மருந்துகளையே பூனைக்கும் பயன்படுத்துகிறோம். மனித இன்சுலினுக்கும் பூனை இன்சுலினுக்கும் 51 அமினோ அமிலங்களில் 4 இடங்களில்தான் வேறுபாடு. மாட்டின் இன்சுலினுக்கும் பூனையினுடையதற்கும் ஒரே ஓர் இடம்! மனித இன்சுலின் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. கிளார்ஜின் அதில் 2022-இல் சேர்ந்தது. எனவே இவற்றின் உச்ச விலையை அரசே வரையறுக்கிறது.

எங்கே சிக்கனம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல் 40 அலகு மருந்துக்கு உரியது. ஆரஞ்சு மூடி 100 அலகு மருந்துக்கு. வீட்டில் தாத்தாவின் சிவப்பு மூடி ஊசிகள் கிடக்கின்றனவே என்று அதில் 100 அலகு மருந்தை 1 என்ற கோடுவரை எடுத்தால், உள்ளே செல்வது 1 அலகன்று. 100-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.5 அலகு! பூனையின் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வலிப்பு வந்து, உயிரே போகலாம். பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்துவதும் பொய்ச் சிக்கனமே. முனை மழுங்கும், குழலுக்குள் கிருமி புகுந்து முழு மருந்தும் பாழாகும்.

சேமிப்பு 2 முதல் 8 டிகிரி செல்சியசில். உறைந்த இன்சுலின் பயனற்றது. ஆகவே பனிக்கட்டி அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மின்சாரம் பலமணி நேரம் போய்விட்டால்? பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சிறு பானை, அதற்குள் மருந்து. நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மதுரையின் வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும்; சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. ஏன் என்று நீங்களே சிந்தியுங்கள்.

இப்போது ‘ஆயுள் முழுவதும்’ என்ற சொல்லுக்கு வருவோம். பூனையைப் பொறுத்தவரை அது எப்போதும் உண்மையன்று. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 55 பூனைகளுக்குக் கிளார்ஜின் கொடுத்து, வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அடிக்கடி அளந்து, மாவுச்சத்து குறைந்த உணவையும் தந்தார்கள். நோய் கண்டறிந்து 6 மாதங்களுக்குள் இந்த முறையைத் தொடங்கிய பூனைகளில் 84 சதவீதம் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்தன. தாமதித்துத் தொடங்கியவற்றில் 35 சதவீதமே. மிகுந்த அக்கறையுள்ளவர்கள் வளர்த்த பூனைகள் அவை. எல்லா வீட்டிலும் அதே எண் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், முதல் சில மாதங்களில் மலிவு மருந்து தேடி நாளைக் கடத்துவதைக் காட்டிலும் விலையுயர்ந்த சிக்கனம் வேறில்லை என்பது தெரிகிறதல்லவா?

உணவில் செலவே இல்லாத ஒரு மாற்றம் உண்டு. நம் வீட்டுப் பூனைகள் பால்சோறும் தயிர்சோறும் தின்று வளர்கின்றன. பூனையோ ஊனுண்ணி, சோற்றின் மாவுச்சத்தைச் சமாளிக்கும் ஆற்றல் அதன் உடலில் குறைவு. சோற்றைக் குறைத்து மீனையும் கோழியையும் கூட்டினாலே சர்க்கரை இறங்கும். ஆனால் இதை மருத்துவரிடம் சொல்லாமல் செய்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போது பழைய அளவு இன்சுலின் மிகையாகிவிடும். பூனை சாப்பிடாத வேளையிலும் வழக்கமான ஊசியைப் போடாமல் அவரைக் கேளுங்கள். பூனை தள்ளாடினால் ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மருந்தைவிடச் சோதனைத் தாள்களுக்கே பல வீடுகளில் பணம் கரைகிறது. காது ஓரத்து நரம்பில் ஒரு துளி எடுத்து மனிதருக்கான கருவியிலேயே பார்க்கலாம். அது பூனை இரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டும். எப்போதும் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் ஏற்ற இறக்கம் புரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், சர்க்கரை, ஊசி அளவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். அளவு சீராகத் தாழ்ந்து வந்தால் மருத்துவர் 1 அலகை அரை அலகாக்குவார். பிறகு நிறுத்திப் பார்ப்பார். நிறுத்திய பின்னும் வாரம் ஒருமுறை சிறுநீரைச் சோதிக்க வேண்டும். நோய் சில பூனைகளுக்குத் திரும்பி வருவதுண்டு.