தேய்ந்த மரையும் எஃகுச் சுருளும்

பெங்களூரு நீலசந்திராவின் தெருக்கள் பலவும் குறுகலானவை. பெரிய லாரிகள் நுழைய இயலாத அத்தெருக்களில் அரிசி மூட்டைகளும் தண்ணீர்க் கேன்களும் சிறிய சரக்கு வண்டிகளிலேயே வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று அழைக்கப்படும் வண்டியும் அவ்வகையைச் சார்ந்ததே. 2005ஆம் ஆண்டு டீசல் எஞ்சினுடன் வெளிவந்த அவ்வண்டி, பின்னாளில் பெட்ரோலிலும் இயற்கை எரிவாயுவிலும் ஓடத் தொடங்கியது.

டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மின்பொறி வேண்டும். அப்பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். நீலசந்திராவுக்கு அண்மையிலுள்ள ஆடுகோடியில் தொழிற்சாலை அமைத்த மைக்கோ நிறுவனம் (தொடக்கம் 1951) ஸ்பார்க் பிளக்குகளையும் தயாரித்தது. 2008இல் அந்நிறுவனம் தன் பெயரை பாஷ் என மாற்றிக்கொண்டது.

பிளக்கின் உடலில் திருகு போன்ற புரிகள் உள்ளன. பட்டறைகளில் அவற்றை ‘மரை’ என்பர். எஞ்சினின் மேற்பகுதியாகிய ஹெட்டில் உள்ள துளையிலும் அதற்கேற்ற மரை உண்டு. பிளக்கின் மரை எஃகு. ஹெட்டோ இக்காலத்தில் பெரும்பாலும் அலுமினியம். எஃகும் அலுமினியமும் மோதினால் தேய்வது அலுமினியமே. பிளக்கைச் சாய்வாக வைத்து ஸ்பேனரால் பலமாகத் திருகினால் அது பழைய புரியை அழித்துவிட்டுத் தனக்கெனத் தவறான ஒரு வழியை வெட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறுக்குவதும், எஞ்சின் சூடாக இருக்கும்போதே கழற்றுவதும் அதே கேட்டைத் தருவன. மரையில் தாராளமாகக் கிரீஸ் பூசுவதை நல்ல பழக்கம் எனச் சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் வழுக்கல் கூடுவதால், அதே விசைக்குப் பிளக் கூடுதலாக இறுகி மரையை வருத்தும்.

எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் எழுவதாகக் கொள்வோம். 14 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆகவே 75 கிலோவுக்கு மேற்பட்ட விசை பிளக்கை வெளியே தள்ளுகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும் நான்கு வீச்சு எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் இத்தள்ளல் வினாடிக்கு 25 முறை நிகழும். மரை நலிந்திருந்தால் ஒருநாள் பெருஞ்சத்தத்துடன் பிளக் வெளியே பாயும். அமெரிக்காவில் 1997 முதல் விற்பனையான ஃபோர்டு டிரக்குகள் சிலவற்றின் டிரைட்டன் எஞ்சினில் இந்நிகழ்வு பெயர் பெற்றது. அவற்றின் ஹெட்டில் பிளக்கைப் பிடிக்க நான்கைந்து புரிகளே இருந்தன.

தவணை கட்டி வண்டி ஓட்டுபவருக்குப் புதிய ஹெட் பெருஞ்செலவு. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆதலால் துளையில் பசை பூசிப் பிளக்கை ஒட்டவைக்கும் குறுக்குவழியை நாடுவோரும் உளர். அது நில்லாது. தன் வெப்பத்தை மரையின் வழியாகவும் வாஷரின் வழியாகவுமே பிளக் ஹெட்டுக்குக் கடத்துகிறது; இடையே பசை நின்றால் பிளக் தழலாகி, பொறி தோன்றும் முன்னரே எரிபொருள் பற்றிக்கொள்ளும்.

சரியான வழி, எஃகுச் சுருளைப் பொருத்துவது. பட்டறைக்காரர்கள் இதை ‘ஹெலிகாயில்’ என்பர். முதலில் ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைப்பது நன்று. கழற்றாமலே வேலை செய்தால் மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கெட்டியான கிரீஸை நிரப்ப வேண்டும். அலுமினியத் துகள்கள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். துளையின் மையக்கோட்டிலிருந்து டேப் சிறிதும் சாயக்கூடாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று பொறுமையாகத் திருப்பிச் சென்றால் ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய மரை உருவாகும்.

பிறகு துகள்களை உறிஞ்சி அகற்றிவிட்டுச் சுருளைச் செலுத்துவர். சுருள் இயல்பில் துளையைவிடச் சற்றுப் பெரியது. கருவி அதை இறுக்கிச் சுருக்கி உள்ளே கொண்டுசெல்கிறது. விடுபட்டதும் அது விரிந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது. அதன் மேல்முனை, வாஷர் அமரும் தளத்திற்குக் கால் அல்லது அரைப் புரி கீழே நிற்க வேண்டும். அடியில் கருவி பிடிப்பதற்கென உள்ள சிறு நாக்கை முறித்து எடுக்க வேண்டும். அந்நாக்கு சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால், மரையைச் சீர்செய்தவர் பிஸ்டனையும் சீர்செய்ய நேரிடும்!

சுருளின் உட்புறம் பழைய 14 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் அதே பிளக் பொருந்தும். எஃகு எஃகோடு உராய்கிறது; அலுமினியத்தின் மீதுள்ள சுமையோ அகன்ற மரையில் பரவுகிறது. எனவே பழுது பார்த்த துளை பழையதைவிட வலிமையானது. விமான பிஸ்டன் எஞ்சின்களில் இத்தகைய சுருளைத் தொடக்கத்திலேயே பொருத்திவிடுகின்றனர்.

பிளக்கை மீண்டும் மாட்டும்போது அதன் தலையில் ஒரு சிறு ரப்பர்க் குழாயைச் செருகி விரல்களால் திருப்புவர். பிளக் சாய்ந்திருந்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரை அழியாது. விரலுக்கு எளிதாக இறங்கி வாஷர் தளத்தைத் தொட்ட பின்னரே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம் போதுமானது.