நம் பாஷையில் வந்த விஷம்

மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் போராடிப் பிடித்த செஞ்சிக் கோட்டைக்குள், வேங்கடரமணர் ஆலயமும் சாதத்துல்லாகான் மசூதியும் மூன்று நூற்றாண்டுகளாக அண்டை அயலாய் நிற்கின்றன. அவ்விரண்டையும் பார்த்து வளரும் இவ்வூர் வாலிபர்களின் கைபேசிக்குள் எத்தகைய உபதேசம் நுழைகிறது என்பதே என் கவலை.

தீவிரவாதப் பிரசாரம் என்றதும் அந்நிய பாஷைக் காணொளிகளையும் சங்கேதச் செய்திகளையும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து, இருநூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அக்கொடுஞ்செயலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடிப் பிரசாரகர் பேசியது சரளமான தமிழ். 2017இல் சூஃபி மார்க்கத்தாருடன் நேர்ந்த மோதலுக்குப்பின் தலைமறைவானவர், மேடை போனாலும் இணையம் போகவில்லை என்பதால், பகிரங்கமாகவே பேசிக்கொண்டிருந்தார். அவரை முதலில் எதிர்த்து முறையிட்டவர்கள் அங்கிருந்த முஸ்லிம்களே என்பதை நாம் மறக்கலாகாது. அவர்களுடைய தமிழ்ச் செவிக்கு அபாயம் விளங்கிற்று. அவருடைய காணொளிகளை நீக்க வல்ல தளத்தாருக்கு விளங்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மடிந்த குழந்தைகளும் தமிழ் பேசிய குழந்தைகளே!

கடல் நடுவே கிடப்பினும் அது நமக்குத் தூரமன்று. 2022 அக்டோபர் 23ஆம் நாள், தீபாவளிக்கு முந்தின விடியலில், கோவை கோட்டை ஈசுவரன் கோயிலெதிரே வெடித்த காரில் இறந்தவர், தீவிரவாதத் தொடர்பு குறித்து 2019இலேயே விசாரிக்கப்பட்டவர். செஞ்சிக்கு அண்டையான போளூர்ப் பக்கத்தில், 2018 மே மாதம், குலதெய்வத்தைத் தரிசிக்க வந்த சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவரென்று அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே தீவிரவாத இயக்கமேதும் இல்லை. வாட்ஸாப்பில் பரவிய வதந்தியே போதுமானதாயிருந்தது. வதந்திக்கே இவ்வளவு வலிமையெனில், நோக்கமும் பொறுமையும் உடையவன், பொதுவெளிப் பேச்சால் ஈர்த்த வாலிபனைத் தனிக்குழுவுக்கு அழைத்துச் சென்று நாள்தோறும் ஓதினால் என்னாகும்?

கண்காணிப்பு மிகுந்தால் நியாயமான குரலும் நசுங்குமென்பர் கருத்துரிமையாளர். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. நான் கேட்பது ஒற்றாடல் அன்று. தமிழில் வரும் முறையீட்டை, மட்டக்களப்புத் தமிழும் வட ஆர்க்காட்டுத் தமிழும் அறிந்த மனிதர் ஒருவர் படித்து, இத்தனை நாளுக்குள் விடையளிப்பார் என்னும் உறுதியையும், அப்பணியில் எத்தனை தமிழர் அமர்த்தப்பட்டிருக்கின்றனர் என்னும் கணக்கையும், நம்மிடம் விளம்பர வருவாய் ஈட்டும் தளங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெளியிடாதவற்றைச் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் நம் பிரதிநிதிகள் கேள்வி கேட்க வேண்டும்.