ரத்தத்தில் குமிழி ஏற்றி இதயத்தை சோதிக்கும் டாக்டர்கள்!

"ஆபத்து" என்று கட்டுப்பாடு போட்ட அமெரிக்கா மறு ஆண்டே தளர்த்தியது

ஊசி போடும் முன்பு நர்சு சிரிஞ்சை நிமிர்த்தி, விரலால் சுண்டி, காற்றை வெளியேற்றுவார். "நரம்பில் காற்று போனால் ஆள் காலி" என்பது ஊரறிந்த பயம். ஆனால், வேண்டும் என்றே கோடிக்கணக்கான வாயுக்குமிழிகளை ரத்தத்தில் ஏற்றும் சோதனையும் இருக்கிறது. இதய தசைக்கு ரத்தம் ஒழுங்காக போகிறதா என்று இதில் பார்க்கலாம்.

1968-ம் ஆண்டு அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் கிராமியாக், ஷா என்ற 2 டாக்டர்கள் மகாதமனியில் பச்சை சாயம் செலுத்தி எக்கோ பார்த்தனர். திரையில் மேகம் போல எதிரொலி கிளம்பியது! ஊசியோடு போன பொடிக் குமிழிகள் செய்த வேலை அது.

வெறும் காற்றுக்குமிழி சீக்கிரம் கரைந்து விடும். அதனால் ரத்தத்தில் எளிதில் கரையாத வாயுவை புரதம் அல்லது கொழுப்பு உறைக்குள் அடைத்தார்கள். பெரும்பாலான குமிழிகள் ரத்த சிவப்பு அணுவை விட சிறியவை. எனவே, அடைத்துக்கொள்ளாமல் நுண்குழாய்களில் புகுந்து போகும். வேலை முடிந்ததும் வாயு மூச்சோடு வெளியேறி விடும்.

"படார்" வெடிப்பு

சோதனையில் சுவாரசியமே இனிதான். பலமான ஒலி அலையை பாய்ச்சினால் தசையில் உள்ள குமிழிகள் எல்லாம் உடைந்து, படம் இருண்டு விடும். புது ரத்தம் புதுக் குமிழிகளை கொண்டு வர, மறுபடி வெளிச்சம் வரும். நல்ல தசை என்றால் சில வினாடியில் பளிச்சிடும். அடைப்பு இருந்தால் தாமதம் ஆகும். ரத்தமே போகாத இடம் கறுப்பாகவே கிடக்கும். இந்த முறையை 1998-ல் வெய், சஞ்சீவ் கவுல் ஆகியோர் வெளியிட்டனர். கதிர்வீச்சு கிடையாது. படுக்கை அருகிலேயே பார்த்து விடலாம்.

2007-ல் திடீர் பரபரப்பு! இந்த ஊசி போட்ட சிலர் இறந்ததால், மருந்து பெட்டியில் கறுப்பு கட்டம் போட்ட எச்சரிக்கை வைக்க அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை உத்தரவிட்டது. "இறந்தவர்கள் ஏற்கனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள். ஊசியை நிறுத்தினால் பாதிக்கப்படுவது நோயாளிதான்" என்று இதய டாக்டர்கள் கொதித்தனர். பழைய ஆஸ்பத்திரி பதிவேடுகளை புரட்டினார்கள். ஊசி போட்டவர்களிடம் சாவு கூடுதலாக இல்லை. 2008-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

ஆனாலும் கறுப்பு கட்டம் அப்படியே இருந்தது. கடும் ஒவ்வாமை சுமார் 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம். அதனால்தான் ஊசி போடும் முன், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்கிறார்.