மிசிர்லூவும் மாயாமாளவகௌளையும்

செங்கலடிச் சந்தியால் வடக்கே போனால் பாசிக்குடா. இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அலைச்சறுக்குக்காரர் தெற்கே அறுகம்பைக்குத்தான் போகவேண்டும். 'சேர்ஃப் றொக்' வாத்திய இசைக்கோ அலையே தேவையில்லை. அதன் பேர்போன மெட்டான 'மிசிர்லூ'வே அதற்குச் சாட்சி. கலிபோர்னியாக் கடற்கரையோடு சேர்த்துப் பேசப்படும் இந்த மெட்டு கிழக்கு மத்தியதரைக் கரையிலிருந்து வந்தது. 1927இல் டெற்றோஸ் டிமிட்ரியாடிஸ் கிரேக்க மொழியில் பாடி இசைத்தட்டாக்கினார். சுரங்களும் நமக்கு அந்நியமில்லை. வந்தாறுமூலையிலோ ஏறாவூரிலோ சங்கீதம் தொடங்கும் பிள்ளை சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையின் ஏழு சுரங்களேதான். சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்தப் பெரிய இடைவெளியில்தான் மெட்டின் மயக்கம் முழுவதும் இருக்கிறது.

இதை வாசித்த குழுக்களை ஒப்பிடுகிறவர்கள் வேகத்தைத்தான் முதலில் பேசுவார்கள். அது மேலோட்டமான அளவுகோல். நீண்ட சுரத்தை அணையவிடாமல் எப்படித் தாங்குகிறார்கள் என்பதே இசையமைப்புகளைப் பிரிக்கிறது. டிமிட்ரியாடிஸுக்குக் குரல் இருந்தது. 1941இல் ஹாரி ஜேம்ஸின் நடனக்குழுவுக்கு ட்ரம்பெற்றின் மூச்சு இருந்தது. கிற்றார்த் தந்தியோ தட்டிய உடனேயே தேயத் தொடங்குகிறது. 1962இல் கிற்றார்க்காரர் டிக் டேல் கண்ட வழி, தடித்த அடித்தந்தியில் ஒரே சுரத்தை இடைவிடாமல் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே இருப்பது. அவருடைய தகப்பனார் லெபனான் வழி வந்தவர். குடும்பத்தில் ஊத் வாத்தியமும் தர்புக்கா மேளமும் புழங்கின. ஊத்தின் ஒலியும் சட்டென்று அடங்குவதுதான். ஆகவே அந்தக் கைவேகம் வெறும் சாகசமல்ல. அது மேளக்காரனின் கை, தந்தியில் ஏறியது. மறுவருடம் பீச் போய்ஸ் அதே மெட்டைத் தங்கள் இசைத்தட்டில் சேர்த்தபோது அடி துப்புரவாக இருந்தது, மூர்க்கம் குறைந்தது. என் காதுக்கு அது ஒழுங்கான பிரதி, அவ்வளவே.

சுரம் ஒன்றானால் இராகமாகிவிடுமா, கமகம் எங்கே என்று வித்துவான்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதை மாயாமாளவகௌளை என்று யாரும் மேடையேற்ற முடியாது. வீணைக்காரர் தந்தியை இழுத்து அசைத்துச் சுரத்துக்கு உயிர் கொடுக்கிறார்; டேல் சுரத்தைத் துண்டுதுண்டாக்கி அடுக்குகிறார். தேவை ஒன்று, வைத்தியம் வேறு. எல்லாம் பெருக்கியின் சத்தம் செய்கிற வேலை என்பது இன்னொரு வாதம். சத்தம் ஒலியைப் பெரிதாக்கும். அடியின் ஒழுங்கைத் தராது. 1994இல் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தின் தொடக்கத்துக்கு டேலின் பதிவு வந்தது. 2005இல் பிளாக் ஐட் பீஸ் அதே பதிவிலிருந்து வெட்டியெடுத்துத்தான் 'பம்ப் இற்' பாடலைக் கட்டினார்கள். மெட்டைப் புதிதாக வாசிக்க ஆளில்லாமலா? அந்தக் கை அவர்களுக்கு வேண்டியிருந்தது.