மீனின் பழுதறியும் மெல்லிய படலம்

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, சிலாபம் முதல் கற்பிட்டி வரை, பல்லாயிரம் குடும்பங்களுக்கு மீனே வாழ்வாதாரம். கரைக்கு வந்த மீன் புதியதா, பழையதா என்பதைத் துறையிற் பெரும்பாலும் கண்ணும் மூக்குமே தீர்மானிக்கின்றன. வாங்குபவர் முகஞ்சுளித்தால் விலை இறங்கும். விற்பவரிடமோ மறுத்துரைக்கச் சான்றில்லை. அச்சான்றை இரசாயனம் தருமா? நம் மாணாக்கர் ஆராயத்தக்க வினா இது.

கடல்மீன் பழுதடையும்போது, பற்றீரியாக்களின் செயலால் திரைமெதைலமீன், அமோனியா முதலிய ஆவிகள் வெளிப்படுகின்றன. இவை மூல இயல்புடையவை. பொலியனிலீன் என்னும் பல்பகுதியத்தை அமிலத்துடன் சேர்த்துக் கண்ணாடித் தகட்டிலோ தாளிலோ மெல்லிய படலமாகப் பூசினால், அது பச்சை நிறங்கொண்டு மின்னைக் கடத்தும். மூல ஆவி பட்டதும் அப்படலம் புரோத்தன்களை இழக்கிறது, கடத்துதிறன் குறைகிறது, பச்சை நீலமாகிறது. மின்தடையை அளந்தால் ஆவியின் அளவை நாம் மதிப்பிடலாம்.

பிளாஸ்திக்கு மின்னைக் கடத்தாதென்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1967 இல், ஜப்பானில் ஹிடேகி சிரகாவாவின் ஆய்வுகூடத்திலே ஊக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்க்கப்பட்டுவிட, வெள்ளிபோல் மின்னும் பொலியசற்றலீன் படலம் உண்டாயிற்று. அதனை வீசியெறியாது ஆராய்ந்தமையாலன்றோ, 1977 இல் அவரும் அலன் மக்டயர்மிட், அலன் ஹீகர் ஆகியோரும் அயடீன் முதலியவற்றை ஊட்டி அதை மின்கடத்தியாக்கினர்! 2000 ஆம் ஆண்டு மூவரும் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும், ஆய்வுகூடத்திற் செவ்வனே இயங்கும் படலம் கற்பிட்டிக் கடற்காற்றிலே தடுமாறக்கூடும். ஈரப்பதனும் பொலியனிலீனின் கடத்துதிறனை மாற்றுமென்பதே காரணம். ஆகவே, மீனில்லாத வெறும் ஈரக்காற்றில் முதலிற் சோதித்து, அம்மாற்றத்தைக் கழித்தறிதல் வேண்டும். சுறா, திருக்கை ஆகியவற்றின் உடலில் யூரியா மிகுதி. அது பற்றீரியாக்களால் அமோனியாவாகும். எனவே, இவற்றுக்கும் பாரை, சூரை முதலியவற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. மணிக்கு மணி எடுத்த அளவுகளை அனுபவமிக்க மீனவரின் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தலும் அவசியம். மூக்கை மறந்த கருவியைத் துறையில் எவரும் நம்பார்.

இப்படலம் கெட்ட மீனை நல்லதாக்கிவிடாது; மீனைக் காக்கும் பணி பனிக்கட்டிக்கே உரியது. ஆயினும், நன்மீனைப் பழுதென்று கூறி விலை குறைக்கும்போது, விற்பவர் காட்டுவதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண் பொய்க்காதவாறு உழைப்பதே மாணாக்கரின் கடமை.