சுவருக்குள் இருக்கும் தண்ணீர்த் தாங்கி: பழுதை நாமே பார்க்கலாம்

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்கள் சரிந்தன. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது.

இப்படித் தங்கும் இடத்தில் ஒரு மலசலகூடம் பழுதானால் அதை மூடிவிடுகிறார்கள். மற்றதன் முன்னே வரிசை நீளும். பெண்களும் பிள்ளைகளும் இருட்டில், மழையில், தேயிலைக்குள் போக வேண்டிவரும். ஆகவே சிறு பழுதை அன்றே திருத்துவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

புதிய மண்டபங்கள் சிலவற்றில் தண்ணீர்த் தாங்கி வெளியே தெரியாது. அது சுவருக்குள் இருக்கும். அழுத்தும் பொத்தான்கள் உள்ள தகடு மட்டுமே நம் கண்ணில் படும். சுவரை உடைக்க வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. அந்தத் தகடுதான் தாங்கியின் கதவு. மருந்தடிக்கும் பம்பின் வாஷரை மாற்றத் தெரிந்தவருக்கு இந்த வேலை கடினமல்ல.

திறப்பது எப்படி?

முதலில் கட்டடப் பொறுப்பாளரிடம் அனுமதி பெறுங்கள். தகட்டை மெதுவாக மேலே தள்ளி முன்னே இழுத்தால் பல வகைகள் கழன்றுவிடும். சிலவற்றில் திருகாணி இருக்கும். உள்ளே இன்னொரு மூடி உண்டு. அதையும் எடுத்தபின் டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் ஒரு சிறு அடைப்புத் திருகு, உயர்ந்து தாழும் மிதவை, நடுவில் தண்ணீரை வெளியே விடும் வால்வு ஆகியவை தெரியும்.

பழுது எங்கே?

கோப்பைக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்தால், நடு வால்வோடு சேர்ந்த வழிவுக் குழாயைக் கவனியுங்கள். அதன் வாய்க்குள் தண்ணீர் வழிந்தால் பழுது மிதவைப் பக்கத்தில். மிதவையைக் கையால் உயர்த்துங்கள். தண்ணீர் நின்றால் மிதவையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் போதும். நிற்காவிட்டால் அதன் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும்.

வழிவு இல்லையென்றால், நன்றாக ஆறிய கடும் தேயிலைச் சாயத்தைத் தாங்கிக்குள் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் பாவிக்க வேண்டாம். கோப்பையில் சாய நிறம் கண்டால் நடு வால்வின் அடி ரப்பர்தான் காரணம்.

திருத்துவது

அடைப்புத் திருகை மூடி, பொத்தானை அழுத்தித் தாங்கியைக் காலியாக்குங்கள். நடு வால்வைச் சற்று இடப்பக்கம் திருப்பி உயர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம். ரப்பரைத் துணியால் துடையுங்கள். வெடித்திருந்தால், பழையதைக் கையில் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.

தாங்கி நிரம்பவே தாமதமானால், தண்ணீர் வரும் வால்விலுள்ள சிறு வடியைக் கழற்றிக் கழுவுங்கள். ஊற்றுத் தண்ணீரில் வரும் மணலும் இலைச் சருகும் அதில்தான் அடைக்கும்.

சுவர் ஈரமாக இருந்தால் உள்ளே குழாய்ப் பொருத்து கசிகிறது என்று எண்ணலாம். அது பழக்கமுள்ள பாஸ் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை மலசலகூடத்தை மூட வேண்டாம். தாங்கிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, அரை வாளித் தண்ணீரைக் கோப்பைக்குள் வேகமாக ஊற்றினால் போதும். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

சிறு கசிவுதானே என்று விடலாமா?

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் கசிந்தால், ஒரு நாளில் 288 லீற்றர் போய்விடும். இது ஏறக்குறைய 14 பெரிய வாளித் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் இப்படிக் குழிக்குள் போகிறது. குழி விரைவில் நிரம்பும். மலைச்சரிவில் அந்த ஈரம் மண்ணுக்குள் ஊறும். நனைந்த மண் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு மண்டபத்திலும் இருவர் இந்த வேலையைப் பழகிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. நாளை சொந்த வீடு கிடைக்கும்போதும் இந்தக் கைப்பழக்கம் உதவும்.