படலை திறக்குமுன் ஒரு கணம் பொறுமை

விடிந்தும் விடியாத வேளை. தோட்டத்துக்குப் புறப்படும் கமக்காரர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கொட்டிலின் கப்பில் தொங்கும் சங்கிலியை எடுக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், நாய் துள்ளுகிறது, குரைக்கிறது, நெஞ்சில் பாய்கிறது. படலை திறந்ததும் ஆளையும் இழுத்துக்கொண்டு வீதிக்கு ஓடுகிறது. மீள்குடியேறிய கிராமங்களிலும், சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் தங்கியிருக்கும் உறவினர் வளவுகளிலும் இக்காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விடயமன்று.

வன்னியில் நாம் சந்தித்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தகப்பனார் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். நாய் பாய்ந்த பாய்ச்சலில் அவர் படலையடியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அறுத்துக்கொண்டு ஓடிய நாயைப் பிடிக்க அவருடைய சின்ன மகன் பின்னால் ஓடினான். அந்த ஒழுங்கையின் முடிவில் மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு அடையாளத் தடிகளும் நின்றன. தாயார் வீறிட்டுக் கத்தியதால் பிள்ளை தடிகளுக்கு இப்பால் நின்றுவிட்டான். கடவுளின் கிருபையால் பெரிய துன்பம் நேரவில்லை. அந்த வருடம் வெங்காயம் கிண்டுவதற்கு மட்டும் தகப்பனாரின் கை உதவவில்லை.

போர் 2009இல் முடிந்தது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தது. எனினும் வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடிந்துவிடவில்லை. நாய்க்கு அந்தப் பலகை விளங்காது. நாயின் பின்னால் ஓடும் பிள்ளைக்கும் அந்நேரம் அது கண்ணில் படாது. யானை நடமாடும் இடங்களிலும் இதே ஆபத்து உண்டு. குரைத்துக்கொண்டு யானையிடம் ஓடும் நாய், யானை திரும்பியதும் எசமானிடமே ஓடிவரும். பின்னால் யானையும் வரும்.

இந்தத் துள்ளல் ஏன் வருகிறது? நாய் கெட்டதென்பதால் அன்று. இடம்பெயர்ந்த இடத்தில் வேலியில்லை, அயலவருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நாயைப் பகல் முழுவதும் கட்டிவைக்கிறோம். அடங்கிக் கிடந்த பலமெல்லாம் அந்த ஒரு கணத்தில் வெளிவருகிறது. சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பவ்லோவ் நாய்களைக் கொண்டு ஒன்றைக் காட்டினார். உணவுக்கு முன்னர் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பின்னர் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டாலே வாயூறும். சங்கிலிச் சத்தமும் அப்படித்தான். துள்ளினால் படலை திறக்கும் என்ற பாடத்தை நாளாந்தம் நாமே படிப்பித்திருக்கிறோம். ஆகவே, அமைதியாக இருந்தால்தான் படலை திறக்கும் என்பதையும் நாமே படிப்பிக்கலாம். அதற்குக் காசு வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலாவது, சங்கிலிச் சத்தத்தைச் சாதாரணமாக்குங்கள். பகலில் சும்மா சங்கிலியை எடுங்கள், திரும்பவும் கொழுவுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு நாளில் பலமுறை இப்படிச் செய்தால், சங்கிலி எடுத்தவுடன் பயணம் என்ற எண்ணம் நாய்க்கு மெல்ல மெல்லக் குறையும்.

இரண்டாவது, துள்ளும்போது கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். நாம் கத்தினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய்க்குத் தோன்றும். மரம்போல் நின்று முகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். நாலு காலும் நிலத்தில் பட்டதும் தாழ்ந்த குரலில் பேசிச் சங்கிலியைப் பூட்டுங்கள். திரும்பவும் துள்ளினால் கையை எடுத்துவிட்டு மறுபடி காத்திருங்கள்.

மூன்றாவது, இருக்கப் பழக்குங்கள். சிறு பாண் துண்டு ஒன்றை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து மெதுவாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால், அதைப் பார்த்தபடி நாய் தானாகவே குந்தும். குந்திய உடனே கொடுங்கள். பிறகு சற்று நேரம் குந்தியிருந்தால்தான் கிடைக்கும் என்று அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நான்காவது, படலையை ஒரு சாண் மட்டும் திறவுங்கள். நாய் முண்டினால் மெதுவாகச் சாத்திவிடுங்கள். நாயின் மூக்கு நசிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் திறவுங்கள். முதலில் நீங்கள், பின்னர் நாய்.

ஐந்தாவது, வெளியே வந்ததும் சற்று நில்லுங்கள். நாய் மணந்து பார்க்கட்டும். இழுத்தால் நீங்கள் நில்லுங்கள். சங்கிலி தளர்ந்ததும் நடவுங்கள். சங்கிலியைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ள வேண்டாம். கழுத்துக்குக் கம்பியோ மெல்லிய கயிறோ போடாமல் அகலமான பட்டி போடுங்கள்.

தொடக்கத்தில் இதற்கு அதிக நேரம் செல்லும். ஆகையால் வழமையைவிடச் சற்று முந்தி எழும்புங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். தகப்பன் காத்திருக்கப் பழக்க, மகன் துள்ளிய நாயையே அவிழ்த்துவிட்டால் பழக்கியதெல்லாம் வீணாகும். பகலிலும் நிழலில், தண்ணீர் வைத்து, நீளக் கயிற்றில் கட்டுங்கள். பின்னேரத்தில் வேலியுள்ள இடமொன்றில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

விசர்நோய்த் தடுப்பூசியை வருடந்தோறும் தவறாமல் போடுவியுங்கள். நாய் கடித்தாலோ பல் கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிரைக் காப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

நாம் மேலே சொன்ன குடும்பத்தைப் பின்னரும் சென்று பார்த்தோம். சங்கிலியை எடுத்தபோது நாய் வாலை ஆட்டியது, ஆனால் குந்தியிருந்தது. படலையைத் திறந்தவன் அந்தச் சின்ன மகன். ‘பொறு’ என்று ஒரு சொல்தான் சொன்னான்.

திருவிவிலியத்தில் தோபித்து என்பவரும் சொந்த மண்ணிலிருந்து கொண்டுபோகப்பட்டு நினிவேயில் வாழ்ந்தவர்தான். அவருடைய மகன் தோபியா தூரப் பயணம் போனபோது அவர்களுடைய நாயும் கூடவே நடந்தது, திரும்பி வந்தபோதும் கூடவே வந்தது. போன பிள்ளையும் நாயும் ஒன்றாக வீடு திரும்புவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இடம்பெயர்ந்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதற்காகப் படலையடியில் சற்று நேரம் பொறுத்து நிற்போம்.